சாமியை வாசலில் விட்டுவிட்டு யாரும் வருவதில்லை

ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் அறையில் வந்து உட்காருகிறவர் நேராக உங்களிடம் வந்தவர் இல்லை. குலதெய்வக் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருப்பார். ஜாதகத்தைக் காட்டியிருப்பார். தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்திருப்பார், உபவாச ஜெபத்தில் பெயர் எழுதிக் கொடுத்திருப்பார். எத்தனையோ குடும்பங்கள் மதம் பார்க்காமல் எல்லா வாசலும் ஏறி இறங்கிவிட்டுத்தான் நம்மிடம் வருகின்றன. நம் படிப்பிலோ இதற்கென்று ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. சமயத்தை ஒரு மாயை என்று ஃபிராய்டு 1927-ல் புத்தகம் எழுதிய காலம்தொட்டு நம் துறைக்கு இதில் ஒரு கூச்சம் இருந்துவந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. ஒருவருடைய சமய நம்பிக்கையை விசாரித்து அறிவது அவருடைய வரலாற்றைக் கேட்பதில் ஒரு பகுதி என்று உலக உளமருத்துவச் சங்கம் 2016-ல் அறிக்கையே வெளியிட்டுவிட்டது. ஆனால் அறைக்குள் எப்படிக் கேட்பது, கேட்டபின் என்ன செய்வது என்பதை மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடியில் எனக்கு ஒரே எண்ணம்தான். நம்பிக்கை வந்தவருடைய சொத்து. அதை அவர் எடுத்துச் செலவழிக்க நாம் உதவலாம். நாம் கை வைக்கக் கூடாது.

1. முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

படிவத்தில் ‘மதம்’ என்ற கட்டத்தில் எழுதியிருப்பதை வைத்து ஒன்றும் தெரியாது. பிரதோஷம் தவறாதவரும் இந்து என்றுதான் எழுதுவார், கோயில் பக்கமே போகாதவரும் அப்படித்தான் எழுதுவார். அமெரிக்க மருத்துவர் கிறிஸ்டினா புச்சல்ஸ்கி 1996-ல் இதற்காக ஒரு கேள்வி முறையை வகுத்தார். உங்கள் நம்பிக்கை என்ன, வாழ்க்கையில் அதற்கு எவ்வளவு இடம், சேர்ந்து வழிபடக் கூட்டம் உண்டா, உங்களைக் கவனிக்கும்போது நான் இதை எப்படிக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று நான்கு கேள்விகள். நான்கும் நல்லவை. ஆனால் வரிசையாக வாசித்தால் ஒற்றைச் சொல்லில்தான் பதில் வரும்.

நான் இப்படித் தொடங்குவேன்: “இவ்வளவு நாள் இதை எப்படித் தாங்குனீங்க? எது கைகொடுத்துச்சு?” பலர் பேசாமல் மேலே கையைக் காட்டுவார்கள். பிறகு, “அவர்கிட்ட என்ன சொல்லுவீங்க?” அதன் பிறகு, “இது வந்ததுக்கப்புறம் கும்பிடுறது கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். “மூணு மாசமா வெள்ளிக்கிழமை வெளக்கு ஏத்தல” என்று ஒரு பெண் சொன்னால் அது எழுந்திருக்கவே முடியாத மனச்சோர்வாக இருக்கலாம். சாமி மேல் கோபமாக இருக்கலாம். குழந்தை தங்காத மருமகள் விளக்கேற்றக் கூடாது என்று மாமியார் தடுத்ததாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு வேறு. ஏன் என்று கேட்காமல் நோயின் அறிகுறி என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனால் அந்த மாமியார் உங்களுக்குத் தெரியாமலே போய்விடுவார்.

2. உங்கள் சாமியை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பக்தராக இருக்கலாம், நாத்திகராக இருக்கலாம். மேசை மேல் என்ன படம் இருக்கிறது, சுவரில் எந்தக் காலண்டர் தொங்குகிறது என்று வருகிறவர் முதல் நொடியிலேயே பார்த்துவிடுவார். நெற்றியையும் கழுத்தையும் மறைக்கச் சொல்லவில்லை. அறை பொதுவாக இருக்கட்டும். “நீங்க சாமி கும்பிடுவீங்களா?” என்று கேட்டால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, “அது தெரிஞ்சா உங்களுக்கு என்ன சுலபமா இருக்கும்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் தன்னைக் கேலி செய்வீர்களோ என்றுதான் அவர் பயந்திருப்பார். “எனக்காக ஜெபம் பண்ணுங்க” என்று யாராவது கேட்டால் அந்த வேண்டுதலை மதியுங்கள். அவர் ஜெபிக்க விரும்பினால் நீங்கள் அமைதியாக இருந்து இடம் கொடுக்கலாம். ஜெபத்தை நடத்துகிறவராக நீங்கள் மாறாதீர்கள். ஒரு மந்திரத்தையோ வசனத்தையோ நீங்களாக எடுத்துக் கொடுப்பதும் கூடாது. உதவி தேடி வந்தவர் உங்கள் முன்னால் பலவீனமாக இருக்கிறார்; மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொள்வார்.

3. அந்த நம்பிக்கை அவரைத் தாங்குகிறதா, அடிக்கிறதா என்று பாருங்கள்.

பக்தி இருந்தால் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். துன்பத்தில் கடவுளைத் துணையாகக் காண்பவர்கள் உண்டு. அதே கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று காண்பவர்களும் உண்டு. 55 வயதுக்கு மேற்பட்ட 596 நோயாளிகளை அவரும் கூட்டாளிகளும் 2 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் என்னைக் கைவிட்டாரோ, என் மேல் அவருக்கு அன்பு இல்லையோ, இது சாத்தானின் வேலையோ என்று மனத்துக்குள் போராடியவர்கள் அந்த 2 ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. உடல்நிலை, வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது.

நம் ஊரில் இது ‘சாமி குத்தம்’ என்ற பெயரில் வரும். பிள்ளைக்கு வலிப்பு. பழனிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டதை நிறைவேற்றவில்லை, அதனால்தான் என்று தாய் நம்புகிறாள். ராத்திரி தூக்கம் இல்லை. கணவனிடம் சொல்லப் பயம். செலவுக்கு அவர் சண்டை போடுவார். அவளிடம் போய் “அப்படியெல்லாம் இல்லம்மா, வலிப்பு மூளையில் வருவது” என்று பாடம் எடுத்தால் தலையாட்டுவாள். வீட்டுக்குப் போய் மறுபடி அழுவாள். வலிப்புக்கு மாத்திரை தவறக் கூடாது என்பதை உறுதியாகச் சொல்லிவிட்டு, நான் அவளிடம் கேட்கச் சொல்வது இது: “நீங்க சின்ன வயசிலேருந்து கும்பிடுற முருகன் எப்படிப்பட்டவர்? எனக்குச் சொல்லுங்களேன்.” அவள் சொல்லட்டும். காவடி எடுத்த அப்பாவைப் பற்றிச் சொல்வாள், பேருந்துக்குக் காசில்லாமல் பாதயாத்திரை போனதைச் சொல்வாள். பேசப் பேச, தண்டிக்கிற முருகனைவிட வயதில் மூத்த இன்னொரு முருகன் அவள் பேச்சிலேயே வருவார். அவரை நீங்கள் கொண்டுவரவில்லை. அவள் மனத்தில் ஏற்கெனவே இருந்தவர். முடி இறக்குவதா, எப்போது, யார் பணத்தில் என்பதெல்லாம் அதற்குப் பிறகு நிதானமாகப் பேசக்கூடிய விஷயங்கள்.

எல்லோருக்கும் அப்படி ஒரு நல்ல சாமி நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடித்து வளர்த்த வீட்டில் கடவுளும் அடிக்கிறவராகவே பிள்ளையின் மனத்தில் பதிந்திருப்பார். அங்கே கடவுளைத் திருத்த முயலாமல் அந்த வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

4. பக்தி போலத் தெரியும் நோயை அடையாளம் காணுங்கள்.

இதில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கருவறை முன் நிற்கும்போது ஆபாசமான எண்ணம் வருகிறது என்று ஒரு மாணவன் தலைகுனிந்து சொல்வான். தொழுகைக்கு ஒளு செய்ய உட்கார்ந்தவர் சரியாகக் கழுவவில்லையோ என்று திரும்பத் திரும்பக் கழுவுவார். ஜமாஅத் முடிந்து எல்லோரும் போயிருப்பார்கள். மடி பார்க்கும் பாட்டி ஒருத்தி குழாயடியிலேயே காலை முழுதும் நிற்பாள். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்த அரைமணியில் ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுபடி குருவானவரைத் தேடிப் போகும் பெண்ணும் உண்டு. இது எண்ணச் சுழற்சி நோய், ஓசிடி. முஸ்லிம் பெரியவர்கள் ‘வஸ்வாஸ்’ என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் துறவி இஞ்ஞாசியாரும் இதே அவதியை அனுபவித்திருக்கிறார்.

இவர்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் உங்களுக்கு வாய் வரும். “சாமி கோவிச்சுக்க மாட்டார்” என்பீர்கள். பத்து நிமிடம் நிம்மதியாக இருப்பார், பிறகு அதே உறுதியை மறுபடி கேட்பார். பரிகாரமும் இப்படித்தான், ஒன்று முடிந்ததும் இன்னொன்று தேவைப்படும். பயம் எழும்போது கழுவாமல், மன்னிப்புக் கேட்காமல், அந்தப் பயத்தோடு கொஞ்ச நேரம் இருந்து பழகுவதே இதற்கான சிகிச்சை. இதில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள், மருந்தும் உதவும். ஒரு வேலை நீங்கள் செய்யலாம். அவர் மதிக்கும் ஆலிமிடமோ குருக்களிடமோ அவர் அனுமதியோடு பேசுங்கள். ஒளுவில் உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை என்று மார்க்கம் தெரிந்தவர் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டால் அதுவே சிகிச்சையின் எல்லைக்கோடாகிவிடும். ஒரே தடவை. தினமும் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தால் அந்தப் பதிலும் நோயின் வாயில் போய்விடும் என்பதை ஆலிமிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. மாலை போட்டவருடைய கையைப் பாருங்கள்.

கார்த்திகை பிறந்ததும் நேற்றுவரை குடித்தவர் சபரிமலைக்குத் துளசிமாலை போட்டு விரதம் இருப்பார். குடும்பம் மகிழ்ந்து போகும். நாமும் மகிழலாம். ஆனால் வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இடம், ஆள் தெரியாத குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். “சாமி வந்திருக்கு” என்று சுற்றி நின்று கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுக்கம் தெரிந்தாலே மருத்துவரிடம் அனுப்புங்கள். மாலையைக் கழற்றாமலே மருந்து எடுத்துக்கொள்ளலாம்.

அந்த 41 நாள் விரதத்தை வீணாக்காதீர்கள். “இத்தனை நாள் எது உங்களை நிறுத்தி வச்சது?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விடிகாலைக் குளியல், கூட வரும் சாமிமார், எல்லோரும் தன்னை ‘சாமி’ என்று அழைப்பது, சாயங்கால பஜனை. இதில் பக்தியோடு ஒழுங்கும் இருக்கிறது, கூட்டும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. மாலை கழற்றிய மறுநாள் இவை எல்லாமே ஒரேயடியாகப் போய்விடுகின்றன. அதனால்தான் மறுபடி கடைக்குப் போகிறார். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்கள் இதே மூன்றையும் வருடம் முழுக்கத் தருகின்றன. தனக்கு மேலான சக்தி எது என்பதை அங்கே அவரவரே முடிவு செய்துகொள்ளலாம் என்பதால் எந்த மதத்தவரும் போகலாம். மகரஜோதிக்கு முன்பே அவரை ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிடுங்கள்.

6. சாவு வீட்டுச் சடங்குகளைத் தெரிந்து வைத்திருங்கள்.

பதினாறாம் நாள் காரியம், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, நவம்பர் 2-ல் கல்லறைத் திருநாள், ஆடி அமாவாசை. துக்கத்துக்கு நாள் குறித்து, ஆள் கூட்டி, அழ இடம் கொடுத்திருக்கிறார்கள். வந்தவரிடம் “காரியம் நல்லபடியா நடந்துச்சா?” என்று கேளுங்கள். யார் கொள்ளி வைத்தது, யாரை வரவிடவில்லை என்று அங்கிருந்து பேச்சு விரியும்.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பத்தில் இது மிகவும் கனமான இடம். சடங்கைக் குறைத்துச் செய்திருப்பார்கள். ஆவி அலையும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னது காதிலேயே இருக்கும். இறந்தவரின் பெயரையே சொல்லாமல் வாழ்வார்கள். இந்து மரபில் இப்படிப்பட்ட மரணங்களுக்கென்றே நாராயண பலி என்ற சடங்கு இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1917-ன் சட்டத்தில் தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கத் திருச்சடங்கை மறுத்தது. 1983-ன் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. மனநலக் குலைவு அந்தச் செயலின் பொறுப்பைக் குறைக்கும் என்றும் அவர்களுக்காகத் திருச்சபை ஜெபிக்கிறது என்றும் 1992-ன் மறைக்கல்வி நூல் சொல்கிறது. இது தெரியாமல் குன்றிப்போய் வாழும் கத்தோலிக்கத் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நல்ல பங்குத்தந்தையிடம் வழிகாட்டினால் போதும்.

உடலே இல்லாத இழப்பும் உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் உட்கார்ந்து தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அந்தியேட்டி என்ற இறுதிச் சடங்கைச் செய்தால் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக ஆகும். செய்யாவிட்டால் ஆத்மா கரையேறாது. பொட்டை அழிப்பதா, வைத்திருப்பதா? பாலின் பாஸ் என்ற அறிஞர் இந்த நிலையைப் பற்றி 1999-ல் முழு நூலே எழுதினார். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமக்க உதவ வேண்டும், முடிவு சொல்ல அவசரப்படுத்தக் கூடாது என்பது அவர் வழி. மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் போர்க்காலத்தில் தாய்மார் வாக்குக் கேட்டு நின்றார்கள். கேள்வி கேட்கவே பயந்த காலத்தில் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அங்கேதான் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் மனம் தளர்த்தும் பயிற்சியை அவரவர் சமயத்தின் ஜெபச் சொல்லோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். சைவருக்கு ஒரு சொல், கத்தோலிக்கருக்கு ஒரு சொல், முஸ்லிமுக்கு ஒரு சொல். எல்லாமே அந்த மக்கள் சிறுவயதிலிருந்து சொல்லிப் பழகியவை. நான் இரண்டாம் விதியில் சொன்னதற்கு இது முரணில்லை என்பதைக் கவனியுங்கள்.

7. சாமி ஆடுவதெல்லாம் நோயில்லை.

கொடை விழாவில் உடுக்கைக்கு ஆடி, விபூதி கொடுத்து, மறுநாள் வயலுக்குப் போகிறவருக்கு உங்கள் உதவி தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 கூட, ஊரும் சமயமும் ஏற்றுக்கொண்ட சாமியாட்டத்தை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. விழாவுக்கு வெளியே, அவர் விருப்பமில்லாமல், திரும்பத் திரும்ப வந்து வாழ்க்கையைக் குலைத்தால் மட்டும் கவனிக்க வேண்டும். புதுமருமகள் மேல் வரும் சாமி என்ன பேசுகிறது என்று கேளுங்கள். அந்த வீட்டில் அவள் சொந்தக் குரலில் சொல்ல முடியாததை அது சொல்லும்.

8. கோயிலோடும் தர்காவோடும் சபையோடும் பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நாடி மனநோயாளிகள் வரும் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இந்தத் துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 95, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. எங்கே கண்டாலும் பக்தியின் பெயரால் பேசாமல் திரும்பி வராதீர்கள்.

ஏர்வாடியை மட்டும் வைத்து வழிபாட்டிடங்களை ஒதுக்கவும் முடியாது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை ரகுராம் என்ற உளமருத்துவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் கடுமையான மனநோயாளிகள். கோயிலில் தனிச் சிகிச்சை ஏதும் கிடையாது. காலைப் பூசை, பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, சொந்தக்காரர் ஒருவர் கூட இருப்பது, அதட்டாத சூழல். நோயின் கடுமையைக் காட்டும் மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனால் அன்பான சூழல் எவ்வளவு செய்யும் என்பதற்கு நான் இதை அடிக்கடி எடுத்துக் காட்டுவேன். குஜராத்தின் உனாவா தர்காவில் மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில் கிடைக்கச் செய்த ‘தவா-துவா’ ஏற்பாடு ஏர்வாடிக்கும் வந்தது. மக்கள் ஏற்கெனவே போகிற இடத்துக்கு நாம் போகும் வழி இது.

உங்கள் பகுதியில் யாரிடம் குறி கேட்கிறார்கள், எந்த ஹஜ்ரத் ஓதுகிறார், எந்தப் போதகர் வீடு தேடிப் போகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நேரில் போய் வணக்கம் சொல்லுங்கள். “மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க, மத்ததெல்லாம் நீங்க செய்றதைச் செய்யுங்க” என்று கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். பணம் பிடுங்குகிறவர், அடிக்கிறவர், பெண்ணைத் தனியே அனுப்பச் சொல்கிறவர் இருந்தால் குடும்பத்திடம் நேராகவே எச்சரியுங்கள்.

9. விரதம் என்றால் மருந்தைப் பற்றியும் கேளுங்கள்.

லித்தியம் எடுப்பவர் நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். ரமலானுக்கும் கந்த சஷ்டிக்கும் ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை முஸ்லிம்கள் அறிவார்கள். ஆனாலும் நோன்பை விடுவது மனத்தை வருத்தும். அந்த வருத்தத்தைக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள்.

10. கடவுள் இல்லை என்பவரிடமும் முதல் கேள்வியைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் இறைமறுப்பு ஓர் ஆழமான மரபு. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டம் இயற்றிய மாநிலம் இது. பெரியார் திடலில் தாலி இல்லாமல் மணந்து அறுபது வருடம் வாழ்ந்தவர் மனைவியை இழந்து வருவார். உறவினர்கள் வந்து காரியம் செய்தே ஆக வேண்டும் என்பார்கள். அவருடைய துக்கத்தில் பாதி அந்தச் சண்டையில் இருக்கும். படத்திறப்பு, நினைவுக் கூட்டம், உடல் தானம் என்று அவருக்கும் சடங்குகள் உண்டு. எந்தக் கொள்கைக்காக வாழ்ந்தார், யாரோடு சேர்ந்து போராடினார், இப்போது அந்தத் தோழர்கள் எங்கே என்று கேளுங்கள். கஷ்டம் வந்ததும் சாமி கும்பிடத் தொடங்கிவிட்டதற்காக வெட்கப்படும் நாத்திகரும் வருவார். நம்பிக்கை போய்விட்டதே என்று அழும் பக்தரை நடத்துவது போலவே அவரையும் நடத்துங்கள்.

11. மன்னிக்கச் சொல்லாதீர்கள்.

சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணிடம் “மன்னிச்சிடு, மனசு லேசாகும்” என்று வீட்டாரும் சொல்லியிருப்பார்கள், சபையாரும் சொல்லியிருப்பார்கள். அவள் வந்திருப்பது அதைத் தாங்க முடியாமல்தான். கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. மன்னிப்பு என்றாவது அவளாக விரும்பி வந்தால் வரட்டும். வந்திருப்பது 18 வயதுக்குட்பட்ட குழந்தையென்றால், போக்சோ சட்டம் 2012-ன் பிரிவு 19-ன்படி புகார் தெரிவிப்பது உங்கள் கடமை. குற்றம் சாட்டப்பட்டவர் எந்தப் பீடத்தில் இருந்தாலும் சரி. குடும்பம் “சபைக்குள்ளேயே பேசி முடிச்சுக்கிறோம்” என்று கெஞ்சினாலும் சரி.

12. தன்பால் ஈர்ப்புள்ள பிள்ளையை ‘மாற்ற’ச் சொல்லி அழைத்து வருவார்கள்.

ஜெபத்தால் மாற்றலாம், ஹோமத்தால் மாற்றலாம், உங்களால் முடியாதா என்பார்கள். முடியாது, முயல்வதே தவறு என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் இத்தகைய முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கில் தன் புரிதலை வளர்த்துக்கொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். நீதிபதியே கற்றுக்கொள்ள உட்கார்ந்தார் என்பதைப் பெற்றோரிடம் சொல்லுங்கள். பலருக்கு அது உறைக்கிறது. பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், அவனுக்கும் கடவுள் வேண்டுமா என்று. பல பிள்ளைகளுக்கு வேண்டும். தன்னை வெளியே தள்ளும் கோயிலை அல்லது சபையை அவர்கள் மனதார நேசிக்கிறார்கள். அந்த வலியைக் குடும்பத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

13. “சாமிகிட்டப் போயிடணும்” என்றால் நேராகக் கேளுங்கள்.

“சாகணும்னு நினைக்கிறீங்களா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” கேட்பதால் எண்ணம் வளராது. தற்கொலை பாவம் என்ற நம்பிக்கை சிலரைத் தடுத்து நிறுத்துகிறது. அதை நம்பி மற்ற பாதுகாப்பைத் தளர்த்திவிடாதீர்கள். கடவுள் கூப்பிடுகிறார் என்றால் குரல் காதில் கேட்கிறதா என்று விசாரித்து அன்றே உளமருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை வீட்டில் உள்ளவர்களுக்கும் கொடுத்து அனுப்புங்கள்.

14. பயிற்சியாளராக, கோச்சாக வேலை செய்பவர்களுக்கு.

மேலே சொன்னவற்றில் பல உங்கள் எல்லைக்கு வெளியே. நோய் தெரிந்தால் அனுப்பிவிடுங்கள். ஆனால் உங்களிடம் வருபவரின் முடிவுகளிலும் சமயம் இருக்கிறது. வட்டித் தொழிலில் பதவி உயர்வு கிடைத்த முஸ்லிம் இளைஞன், மதுபான நிறுவன வேலையை ஏற்பதா என்று தவிக்கும் பெண், மூத்தவன் என்பதால் ஊரில் கோயில் முறையை விட முடியாமல் வெளிநாட்டு வாய்ப்பைத் தள்ளுபவர். இவர்களிடம் “உங்கள் இலக்கு என்ன” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பேச்சு நகராது. எதைச் செய்தால் அம்மா அப்பா முகத்தைப் பார்க்க முடியாது, எதைச் செய்தால் ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வரும் என்று கேளுங்கள். பிரபஞ்சத்திடம் கேட்டால் கொடுக்கும் என்று கட்டணம் வாங்கிச் சொல்லித் தருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கேட்டும் கிடைக்காதவர்கள் தங்களைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்கள்.

15. குறிப்பேட்டில் அவருடைய சொல்லையே எழுதுங்கள்.

“செய்வினை வச்சிருக்காங்க” என்று அவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். யார் வைத்ததாக நினைக்கிறார், எப்போதிலிருந்து, வீட்டில் வேறு யார் அதை நம்புகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருமகளைத் தவிர வீட்டில் எல்லோரும் நம்பினால் அது ஒரு தகவல். அவர் ஒருவர் மட்டுமே நம்பி, குலதெய்வக் கோயில் பூசாரியே “அப்படி ஒண்ணும் இல்லய்யா” என்று சொல்லியும் கேட்கவில்லையென்றால் அது வேறு தகவல். உங்கள் கருத்தை அதன் கீழே தனியாக, தேதியோடு எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள். தன் சிகிச்சைப் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமையை 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தவருக்குக் கொடுத்திருக்கிறது. ஒருநாள் அவரே கேட்டு வாங்கிப் படிப்பார். தன் அம்மனைப் பற்றித் தான் சொன்னதை நீங்கள் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் தேடுவார்.